லயங்களை வெற்று நிலமாகக் கணக்கிட்டு உயரழுத்த மின்பாதை வரைவதைக் கண்டிக்கின்றோம்

மலையகத் தோட்டங்களுக்கு ஊடாக உயரழுத்த மின்பாதைகள் திட்டமிடப்படும் முறையை எமது சங்கம் கண்டிக்கின்றது. பாதை செல்லும் காணியில் லயங்களில், அதாவது தோட்ட வரிசை வீடுகளில், குடியிருப்பவர்களுக்கு அறிவித்தல் தரப்படுவதில்லை. பாதிக்கப்படுவோர் பட்டியலில் அவர்களுடைய பெயர் எழுதப்படுவதில்லை. அவர்கள் நட்ட பயிருக்கான நட்டஈடு அவர்கள் கைக்கு வருவதில்லை. இவற்றை எமது அங்கத்தவர்கள் அனைவரின் சார்பிலும் பதிவு செய்கின்றோம்.

மின்பாதை வேண்டாம் என்பது எமது நிலைப்பாடு அல்ல. 2021 டிசம்பர் 3 ஆம் திகதியும் 2023 டிசம்பர் 9 ஆம் திகதியும் கொத்மலை–பியகம 220 கிலோவோல்ட் பாதையில் ஏற்பட்ட கோளாறினால் நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. ஒரு பாதை விழுந்தால் நாடே விழும் நிலை இருக்கக் கூடாது என்பதை நாமும் ஏற்கின்றோம். 2030 இல் மின் உற்பத்தியில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து வர வேண்டும் என்பது அரசின் கொள்கை. அதற்கும் புதிய பாதைகள் தேவை. கொத்மலையைப் புதிய பொல்பிட்டிய கிரிட் உப மின்நிலையத்துடன் இணைக்கும் 220 கிலோவோல்ட் பாதை நீண்டகால மின்பரிமாற்றத் திட்டங்களில் இடம்பெற்றது. பொல்பிட்டியவிலிருந்து அம்பாந்தோட்டை வரை சுமார் 150 கிலோமீற்றர் நீளமான பாதை திட்டமிடப்பட்டது. மேல் மாகாணமும் தெற்கும் வளர்கின்றன. நுவரெலியாவின் விடுதிகளும் பெருகுகின்றன. தேவை உண்மையானது.

எனவே இவ்வறிக்கை ஒரு பாதையை மட்டும் குறித்ததல்ல. எந்தப் பாதையானாலும் அதை வரையும் மேசையில் எம்மவர்கள் கணக்கில் சேர்க்கப்படாமல் விடப்படுவதைக் குறித்தது.

இது புதிதாகத் தொடங்கிய வழக்கமும் அல்ல. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர நீர்மின் திட்டம் பற்றிய தமது யோசனையை 1918 இல் முன்வைத்தார். பழைய லக்ஷபான மின்நிலையம் 1950 இல் இயங்கத் தொடங்கியது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எமது முன்னோரைப் பிரஜைகள் அல்லாதோர் ஆக்கியது. 1949 இல் அவர்களுடைய வாக்குரிமை நீக்கப்பட்டது. லக்ஷபானவிலிருந்து கொழும்புக்கு மின்கம்பி சென்றபோது அந்தக் கம்பிக்குக் கீழே கொழுந்து பறித்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் தேர்தலில் வாக்களிக்க முடியாதவர்கள். அன்று அவர்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இருக்கவில்லை.

அதன் பின்னர் வந்தவற்றையும் சொல்ல வேண்டும். காசல்ரீ நீர்த்தேக்கம் தேயிலைக் காணிகளை மூடியது. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் கீழ் பழைய மஸ்கெலியா நகரம் போனது. வரட்சிக் காலத்தில் நீர் வற்றும்போது அந்நகரின் கோவிலும் பள்ளிவாசலும் இன்றும் வெளியே தெரிகின்றன. விமலசுரேந்திர, கெனியன், பழைய லக்ஷபான, புதிய லக்ஷபான, பொல்பிட்டிய ஆகிய ஐந்து மின்நிலையங்களும் சேர்ந்து 350 மெகாவாட்டுக்கு மேல் உற்பத்தி செய்யும் திறன் கொண்டவை. கொத்மலை 201 மெகாவாட். தலவாக்கலையில் லயக் குடும்பங்களை இடம்பெயர்த்து 2012 இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை 150 மெகாவாட்.

இந்த நீர் ஓடும் மலைகளில் பல லயங்களில் பல தசாப்தங்களாகக் குப்பி விளக்குத்தான் எரிந்தது. வீட்டுக் கூரைக்கு மேலே கம்பி சென்றது, வீட்டுக்குள் வரவில்லை. பின்னர் மின் இணைப்புக்கு விண்ணப்பித்தவர்களிடம் தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் கேட்கப்பட்டது. தன் வீட்டில் ஒரு மின்குமிழ் எரிய, தான் அந்த வீட்டில் இருப்பதை வேறொருவர் எழுதித் தர வேண்டியிருந்தது. இந்த நடைமுறையை எமது அங்கத்தவர்களில் இன்றும் பலர் எதிர்கொள்கின்றனர்.

இனி எமது குற்றச்சாட்டுகளை வரிசையாக முன்வைக்கின்றோம்.

2009 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டம், ஒரு காணியின் மீது மின்பாதை அமைக்க வழியுரிமை பெற வேண்டும் என்று விதித்தது. அதற்கான அறிவித்தல் காணியின் உரிமையாளருக்கு அல்லது அதில் குடியிருப்பவருக்குத் தரப்பட வேண்டும். சம்மதம் கிடைக்காவிடின் விடயம் பிரதேச செயலாளரிடம் செல்லும். அவர் ஆட்சேபத்தைக் கேட்ட பின்னரே முடிவு செய்ய வேண்டும். கிராமத்தில் இது நடக்கின்றது. வயல்காரருக்குக் கடிதம் வருகின்றது, அவர் பிரதேச செயலகத்துக்குப் போகின்றார், பேசுகின்றார்.

தோட்டத்தில் இது நடப்பதில்லை. காணி அரசுக்குச் சொந்தம். 1992 இல் அது பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனது. குத்தகைக் காலம் 2045 வரை ஓடுகின்றது. அறிவித்தல் கம்பனிக்குப் போகின்றது. கம்பனி கொழும்பிலிருந்து பதில் எழுதுகின்றது. சம்மதம் கிடைத்துவிட்டதாகக் கோப்பு மூடப்படுகின்றது. நான்கு, ஐந்து தலைமுறையாக அங்கே குடியிருப்பவர் அந்தக் கோப்பில் இல்லை.

ஒரு தோட்டத்தில் நடந்ததைக் கூறுகின்றோம். பிரட்டு (காலை வேலைப் பங்கீடு) முடிந்து எல்லோரும் மலைக்குப் போன பின்னர் நில அளவையாளர்கள் வந்தார்கள். பகல் சாப்பாட்டுக்குத் திரும்பியவர்கள் பணிய லயத்தின் பின்பக்கம், மாட்டுக் கொட்டிலின் ஓரமாக ஒரு முளை அடித்திருப்பதைக் கண்டார்கள். முளையின் தலையில் சிவப்பு மை பூசியிருந்தது. அடுத்த முளை பீலிக்கரைக்கு மேலே. அதற்கடுத்தது முனியாண்டி சாமிக் கல்லுக்கு அருகில். லயத்தில் இருந்த ஓய்வு பெற்ற தாயொருவர் இது என்ன என்று கேட்டிருக்கின்றார். ஒஃபீஸில் கேட்கச் சொல்லியிருக்கின்றார்கள். ஒஃபீஸில் கேட்டபோது அது கம்பனி பார்க்கும் விடயம், தோட்டத்துக்கு ஒன்றும் தெரியாது என்று பதில் வந்தது. பிரதேச செயலகத்தில் கேட்டபோது அறிவித்தல் உரியவருக்கு அனுப்பப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது.

மூன்று பதிலும் பொய்யல்ல. அதுவே எமது முறைப்பாடு.

பாதை ஏன் தோட்டத்துக்குள்ளே வருகின்றது என்பதையும் நாம் அறிவோம். நேர்கோட்டில் செல்லும் பாதைக்குச் செலவு குறைவு. திரும்பும் இடங்களில் வைக்கும் கோபுரத்துக்கு இரும்பும் அத்திவாரமும் கூடுதலாக வேண்டும். காட்டைத் தொட்டால் வன இலாகாவின் அனுமதி வேண்டும். சிவனொளிபாதமலைச் சரணாலயமும் ஹோர்ட்டன் சமவெளியும் நக்கில்ஸ் மலைத்தொடரும் சேர்ந்த மத்திய மலைநாடு 2010 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் உள்ளது. நகரத்தைத் தொட்டால் கடைக்காரர் ஒவ்வொருவரும் வழக்குப் போடுவர். கிராமத்தைத் தொட்டால் வீட்டுக்கு வீடு கையெழுத்து வேண்டும். தோட்டத்தில் பல கிலோமீற்றருக்கு ஒரே கையெழுத்துப் போதும்.

தோட்டக் காணி இவ்வாறு மிச்சமாகும் இடமாக ஆக்கப்படுகின்றது. வரைபடத்தில் அது தேயிலைக் காணி என்று எழுதப்படுகின்றது. லயம் தோட்டத்துக்குரிய கட்டடம் என்று குறிக்கப்படுகின்றது. ஒரு லயத்தில் பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள் இருந்தாலும் வரைபடத்தில் அது ஒரு நீள்சதுரம். அதன் பின்னால் பிள்ளைகள் கட்டிய குசினியும் கூடுதல் அறையும் நிர்வாகத்தின் பழைய திட்டப்படத்தில் இல்லாததால் அந்த நீள்சதுரத்திலும் வருவதில்லை. இந்தப் பாதை மாற்று வழிகளை விடக் குறைந்த பாதிப்புடையது என்ற முடிவு அப்படித்தான் பெறப்படுகின்றது. பாதிக்கப்படுவோரை எண்ணாமல் பெறப்படும் அந்த முடிவை நாம் ஏற்கவில்லை.

விருப்பின்றிய மீள்குடியேற்றம் தொடர்பான தேசியக் கொள்கையை அமைச்சரவை 2001 இல் ஏற்றுக்கொண்டது. காணிக்கு எழுத்து மூலமான உறுதி இல்லாதவர்களும் நியாயமாக நடத்தப்பட வேண்டும் என்று அக்கொள்கை கூறுகின்றது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் 2009 ஆம் ஆண்டுப் பாதுகாப்புக் கொள்கையும், உறுதி இல்லை என்ற காரணத்தால் ஒருவருக்குக் காணி அல்லாத சொத்துகளுக்கான நட்டஈட்டையும் மீள்குடியேற்ற உதவியையும் மறுக்க முடியாது என்கின்றது. இவை எமது கோரிக்கைகள் அல்ல. அரசு தானே ஏற்றுக்கொண்டதும், கடன் பெறும்போது தானே ஒப்பமிட்டதுமான கடப்பாடுகள். தோட்டக் காணியில் இக்கடப்பாடுகள் மீறப்படுகின்றன.

நட்டஈடு எவ்வாறு பங்கிடப்படுகின்றது என்பதைப் பாருங்கள். வெட்டப்படும் மரத்துக்கும் பிடுங்கப்படும் தேயிலைச் செடிக்கும் விலை மதிக்கப்பட்டுக் கம்பனிக்குத் தரப்படுகின்றது. தேயிலை உயரமாக வளராத செடி. கம்பிக்குக் கீழேயும் அதைப் பயிரிட முடியும். இழப்பது நிழல் மரங்களையும் சவுக்கு மரங்களையும்தான். அம்மரங்களின் பலகை விற்பனையாகின்றது. அவற்றின் கிளைகளை விறகாக்கிச் சமைத்த குடும்பங்களுக்கு மதிப்பீட்டில் ஒரு பத்தியும் இல்லை.

லயத்தைச் சுற்றிக் கரட்டும் லீக்ஸும் போஞ்சியும் பயிரிடப்படுகின்றன. ஒரு பசு மாடு இருக்கும். மாதச் சம்பளம் போதாத வீட்டுக்குப் பிள்ளையின் வகுப்புக் காசும் பஸ் காசும் இந்தப் பாத்தியிலிருந்தும் கொட்டிலிலிருந்தும் வருகின்றன. இவை கம்பனிக் காணியில் அனுமதி இன்றிச் செய்தவை என்று கூறப்பட்டு மதிப்பீட்டுக்கு வெளியே விடப்படுகின்றன. மதிப்பீட்டுத் திணைக்களத்தின் அலுவலர் அந்தப் பாத்தி வழியாகத்தான் நடந்து வந்து தேயிலைச் செடியை எண்ணுகின்றார்.

வேலை நடக்கும் மாதங்களில் ஒரு நம்பர் மலை (இலக்கமிட்ட தேயிலைப் பகுதி) மூடப்பட்டால் கம்பனிக்கு உற்பத்தி இழப்புக்கான காசு கிடைக்கும். அந்த மலையில் கொழுந்து பறித்தவர்கள் வேறு மலைக்கு அனுப்பப்படுவர். அங்கே கொழுந்து மெலிவு. கேட்கப்படும் கிலோ மட்டும் குறைவதில்லை. கிலோ வராத நாளில் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். இந்த அரைப் பேரை எந்த நட்டஈட்டுக் கணக்கும் தொட்டதில்லை.

காணி பற்றிய குற்றச்சாட்டு இவை எல்லாவற்றிலும் கனமானது.

தோட்ட மக்களுக்கு ஏழு பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் தரப்படும் என்று அரசுகள் உறுதியளித்தன. 2017 மே 12 ஆம் திகதி நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். வீடு கட்டச் சமதரை வேண்டும், பாதை வேண்டும், தண்ணீர் வேண்டும். மலையில் அப்படிப்பட்ட இடம் குறைவு. கோபுரம் வைக்கவும் பொருட்களை ஏற்றி இறக்கவும் தேவைப்படுவது அதே இடம். 132 கிலோவோல்ட் பாதைக்கு 27 மீற்றர் அகலமும் 220 கிலோவோல்ட் பாதைக்கு 35 மீற்றர் அகலமும் ஒதுக்கப்படுகின்றன. அந்த அகலத்துக்குள் வீடு கட்ட முடியாது. 35 மீற்றர் அகலத்தில் ஒரு கிலோமீற்றர் நீளம் என்பது 3.5 ஹெக்டயர். ஏழு பேர்ச்சஸ் கணக்கில் அது ஏறத்தாழ இருநூறு வீட்டுத் துண்டுகள்.

அந்தத் துண்டுகள் இன்னும் யாருக்கும் எழுதப்படவில்லை. எழுதப்படாததால் இழப்பும் இல்லை என்பது திட்டமிடுவோரின் கணக்கு. தர வேண்டிய காணியைத் தராமல் வைத்திருந்து, தரப்படவில்லை என்பதையே காரணமாக்கி அதன் மேல் கம்பி இழுப்பதை நாம் கண்டிக்கின்றோம்.

மண்சரிவு பற்றியும் சொல்ல வேண்டும். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியில் நாடு முழுவதும் 600 க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் மண்சரிவுகள் அவ்வுயிர்களில் பெரும் பங்கைப் பறித்தன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அபாயம் என்று குறித்த சரிவுகளிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அந்நிறுவனத்தின் எச்சரிக்கையை நாம் மதிக்கின்றோம். அந்த எச்சரிக்கையால் உயிர் தப்பியவர்கள் எம்மிடையே இருக்கின்றனர்.

ஒரு சரிவு ஏழு பேர்ச்சஸ் வீட்டுக்குத் தகுதியற்றது என்று கடிதம் வருகின்றது. அதே சரிவில் நான்கு கால் கோபுரத்துக்கும், அதுவரை லொறி செல்லும் பாதைக்கும் நிலம் வெட்டப்படுகின்றது. கோபுரத்தின் அத்திவாரத்துக்கு மண் பரிசோதனை நடக்கின்றது. கோபுரம் நிற்குமா என்று பார்க்கின்றார்கள். கீழே உள்ள லயம் நிற்குமா என்ற பரிசோதனையின் முடிவு எதுவும் எமக்குக் காட்டப்பட்டதில்லை. தேயிலை மலையில் கான் (வடிகால்) வெட்டுவது மழைநீரைக் குறித்த இடத்துக்குக் கொண்டுபோகத்தான். லொறிப் பாதை கான்களைக் குறுக்கே வெட்டினால் நீர் வேறு வழி தேடும். அந்த வழி எங்கே இறங்கும் என்பது கான் வெட்டிய எமது அங்கத்தவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

பாதுகாப்புப் பற்றி மிகைப்படுத்திப் பேச நாம் விரும்பவில்லை. கம்பிக்குக் கீழே இருந்தால் நோய் வரும் என்று சிலர் பயமுறுத்துகின்றனர். புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகவர் நிலையம் 2002 இல் இத்தகைய காந்தப்புலத்தை, புற்றுநோயை ஏற்படுத்தக்கூடும் என்ற பிரிவில் வைத்தது. அது நிரூபணம் அல்ல, சந்தேகம். அந்தச் சந்தேகத்தை வைத்து மக்களைக் கலவரப்படுத்துவது எமது வேலை அல்ல.

நாம் கேட்பது செய்யக்கூடிய பாதுகாப்பு. லயத்தின் கூரை தகரம். துணி காயப்போடும் கொடி கம்பி. உயரழுத்தப் பாதைக்கு அருகில் உள்ள உலோகக் கூரைக்கும் வேலிக்கும் நிலத் தொடுப்புச் செய்ய வேண்டும் என்பது மின்னியலில் பாடப்புத்தக விடயம். அதைச் செய்யாத இடத்தில் தொட்டால் கை சுண்டும். இதை யார் செய்வது, செய்ததை யார் பரிசோதிப்பது, கூரையை மாற்றினால் மறுபடியும் செய்து தருவது யார் என்பவற்றுக்கு எழுத்தில் பதில் இல்லை. தோட்டக் கட்டடம் என்பதால் கம்பனி செய்யும் என்று ஒரு தரப்பும், மின்பாதை என்பதால் அவர்கள் செய்வார்கள் என்று மறு தரப்பும் கூறுகின்றன. உள் வயரிங் பழுதானதால் மின்னொழுக்கு ஏற்பட்டு லயங்கள் எரியும்போதும் இதே பதில்தான் தரப்பட்டது.

1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1993 ஜூன் 24 ஆம் திகதி வெளியான வர்த்தமானி, 50 கிலோவோல்ட்டுக்கு மேற்பட்டதும் 10 கிலோமீற்றருக்கு மேல் நீண்டதுமான மின்பாதையைச் சுற்றாடல் அனுமதி தேவைப்படும் திட்டமாகக் குறிக்கின்றது. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துக் கூற 30 நாட்கள் தரப்படுகின்றன. அறிக்கை பிரதேச செயலகத்தில் வைக்கப்படும். அலுவலகம் திறந்திருக்கும் நேரம் கொழுந்து நிறுக்கும் நேரம். அறிக்கையைப் பார்க்கப் போகும் தொழிலாளி ஒரு நாள் பேரை இழக்க வேண்டும். பஸ்ஸுக்கும் செலவழிக்க வேண்டும். போனால் மேசையில் இருப்பது ஆங்கிலத்தில் எழுதப்பட்ட தடித்த புத்தகம்.

தமிழ் 1987 முதல் அரசியலமைப்பின்படி இந்நாட்டின் அரசகரும மொழி. நுவரெலியா மாவட்டத்தில் இருமொழி நிர்வாகம் 1999 இல் பிரகடனம் செய்யப்பட்டது. எனினும் முளை அடிக்க வருபவர் தமிழ் தெரியாதவராக வருகின்றார். அவர் கையில் உள்ள படிவமும் தமிழில் இல்லை. விளங்காத படிவத்தில் கையெழுத்துக் கேட்கப்பட்ட சம்பவங்கள் எமது கிளைகளிலிருந்து அறிவிக்கப்பட்டுள்ளன. விளங்காமல் வைக்கப்பட்ட கையெழுத்தைச் சம்மதம் என்று எவரும் காட்டுவாராயின் நாம் அதை மறுக்கின்றோம்.

பத்திரிகையில் அறிவித்தல் வந்தது என்கின்றார்கள். வந்திருக்கும். அப்பத்திரிகை தோட்டத்தின் டிவிசனுக்கு வருவதில்லை.

2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டமும் 2025 ஆம் ஆண்டுத் திருத்தமும் இலங்கை மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க வழிசெய்தன. அந்தச் சீர்திருத்தம் சரியா பிழையா என்பது இவ்வறிக்கையின் விடயமல்ல. பழைய சபை தந்த வாக்குறுதிக்குப் புதிய கம்பனி பொறுப்பில்லை என்ற பதிலை நாம் ஏற்கமாட்டோம். பெருந்தோட்டங்கள் அரச கூட்டுத்தாபனங்களிடமிருந்து கம்பனிகளுக்குக் கைமாறியபோது இதே பதிலை எமது பெற்றோர் கேட்டார்கள். கைமாறும் ஒவ்வொரு முறையும் சொத்து முழுமையாகப் போய்ச் சேர்ந்தது, கடப்பாடு வழியில் விழுந்தது.

அடிக்கல் நாட்ட வருவோர், மின்பாதை நாட்டுக்கு வருவாய் என்று கூறுகின்றனர். அதை மறுக்க எமக்கு எதுவும் இல்லை. நாடு என்ற கணக்கில் நாம் சேர்க்கப்பட்டிருக்கின்றோமா என்பதை மட்டும் அவர்களிடம் கேட்கின்றோம்.

எமது சங்கத்தின் நிர்வாகக் குழு பின்வருமாறு தீர்மானித்துள்ளது. பாதை செல்லும் ஒவ்வொரு டிவிசனிலும் குடியிருப்போரின் பெயர், காம்பரா, பாத்தி, கொட்டில், கோவில் ஆகியவற்றை எமது கிளைகள் தாமே எழுதிப் பட்டியலாக்கும். கிராம உத்தியோகத்தரின் வாக்காளர் இடாப்பு அதற்கு அடிப்படையாகும். அவ்விடாப்பில் எம்மவர்களின் முகவரி லயமாகவே பதியப்பட்டிருக்கின்றது. வாக்குக் கேட்கும்போது அவர்களைக் குடியிருப்பவர்களாக ஏற்கும் அரசு, வழியுரிமை கேட்கும்போதும் அவ்வாறே ஏற்க வேண்டும். அப்பட்டியல் பிரதேச செயலாளரிடமும் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடமும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடமும் கையளிக்கப்படும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு பாதைக்கும் ஆராயப்பட்ட மாற்று வழிகளின் வரைபடமும், கம்பனிகள் தந்த சம்மதக் கடிதங்களின் பிரதிகளும் கோரப்படும்.

முளைகளைப் பிடுங்க வேண்டாம் என்று அங்கத்தவர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். பிடுங்கினால் வழக்கு முளையைப் பற்றியதாகிவிடும். முளை அடித்த இடத்தையும் திகதியையும் எழுதி, இருவர் கையொப்பமிட்டுக் கிளைத் தலைவரிடம் கொடுக்கவும். விளங்காத எந்தப் படிவத்திலும் கையொப்பமிடவோ கைநாட்டு வைக்கவோ வேண்டாம். குடியிருப்போரின் பட்டியல் ஏற்கப்பட்டு, அவர்களுக்குத் தனித்தனியாகத் தமிழில் அறிவித்தல் தரப்பட்டு, பிரதேச செயலாளர் முன்னிலையில் அவர்களுடைய ஆட்சேபம் கேட்கப்படும் வரை கம்பனி தந்த சம்மதத்தை எமது சம்மதமாக நாம் கருதமாட்டோம்.

இவ்வறிக்கை சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மொழிபெயர்க்கப்பட்டு உரிய அலுவலகங்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பப்படுகின்றது. தமிழ்ப் பிரதி எல்லாப் பிரட்டுக் களங்களிலும் வாசிக்கப்படும்.

நிர்வாகக் குழுவின் சார்பில்,
தலைவர், பொதுச் செயலாளர்
ஹட்டன்